படித்தது, பார்த்தது, கேட்டது: பங்குனியில் ஒரு வாரக் குறிப்பேடு எழுதத் தொடங்குவது எப்படி?

பங்குனி பிறந்ததும் எங்கள் தெருவில் முதலில் மாறுவது சத்தம்தான். விடிவதற்கு முன்பே பக்கத்து வீட்டு மாமரத்தில் குயில் கூவ ஆரம்பித்துவிடும். கணக்குப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் மாம்பூ வாசனை வந்த பிறகு மனசு சித்திரைக்காகக் காத்திருப்பதில்லை. படித்தது, பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கும் நோட்டை ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில்தான் நான் புதிதாகத் தொடங்குகிறேன். இதுவரை அப்படி எதுவும் எழுதிப் பழகாதவர்களுக்காக, முதல் வாரத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.

1. நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு வாரத்துக்கு எதிரெதிரான இரண்டு பக்கங்கள். இடது பக்கம் அன்றன்றைக்கு எழுத. வலது பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை வரை தொடாதீர்கள். செல்போனில் எழுதுகிறவர்களும் இதே மாதிரி இரண்டு பகுதியாக வைத்துக்கொள்ளலாம்.

2. எதை எழுதக் கூடாது

என் முதல் நோட்டில் புத்தகத்தின் பெயர், படத்தின் பெயர், பக்கத்தில் 'அருமை' அல்லது 'பரவாயில்லை' என்று மட்டும் எழுதி வந்தேன். இரண்டு வருடம் கழித்துப் புரட்டினால், 'அருமை' என்று எழுதியிருந்த நாவலில் எது அருமை என்று எனக்கே நினைவில்லை. அத்தனை ராத்திரி உட்கார்ந்து படித்ததெல்லாம் போய்விட்டதே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அதனால் இப்போது ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் நின்றேனோ அந்த இடத்தை எழுத வேண்டும். ஒரு வரி, ஒரு காட்சி, பாட்டில் ஒரு நொடி. அதை அன்றைக்கே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் அது கருத்தாக மாறிவிடுகிறது, பார்த்தது போய்விடுகிறது.

3. குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள்

முதல் வாரத்துக்குப் படிக்க ஒன்று, பார்க்க ஒன்று, கேட்க ஒன்று போதும். பத்துப் புத்தகம் அடுக்கி வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள் புதன்கிழமையே நோட்டை மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

4. படிப்பது

புதியவர்களுக்கு நான் சொல்வது குறுந்தொகை. பெரும்பாலான பாடல்கள் 4 முதல் 8 அடிதான். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். உ.வே.சாமிநாதையர் 1937-இல் உரையோடு பதிப்பித்தார். சொல்லுக்குச் சொல் விளக்கம் இருப்பதால் பயப்பட வேண்டியதில்லை. முதலில் உரையைப் படியுங்கள், அப்புறம் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள், கடைசியாக மறுபடி உரை. இந்த வரிசையில் போனால் பழைய சொற்கள் மெல்லப் பிடிபடும்.

இந்த வாரத்துக்குப் பொருத்தமாக 192-ஆம் பாட்டைச் சொல்வேன். கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடியது. 'அவர் வந்துவிடுவார், வருந்தாதே' என்று சொல்லும் தோழிக்குத் தலைவி பதில் சொல்கிறாள். மாங்கிளையில் கரிய குயில் பூந்தாதைக் கோதுகிறது. தாது படிந்த அந்தக் கறுப்பு உடல், பொன்னை உரசிய கட்டளைக் கல்லைப் போல இருக்கிறது. அப்படிப்பட்ட பருவம் வந்தும் அவன் வரவில்லை. பூ வைக்காத தன் கூந்தலைத் தடவிக்கொண்டிருக்கிறாள். கட்டளைக் கல் என்பது நகை செய்கிற ஆசாரி தங்கத்தை உரசிப் பார்க்கும் உரைகல்தான்.

இதைப் படித்த மறுநாள் காலை மாமரத்தடியில் போய் நின்றேன். குயில் கண்ணில் படவில்லை. கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் கறுப்பு சீட்டில் உதிர்ந்த பூவும் மஞ்சள் தூளுமாகக் கிடந்தது. விரலை வைத்து இழுத்தேன். மஞ்சளாக ஒரு கோடு நீண்டது. அன்று நோட்டில் எழுதியது இவ்வளவுதான்:

*புதன். குறு. 192. உரைகல். ஸ்கூட்டர் சீட்டில் கோடு. அவள் தடவுவது பூ இல்லாத கூந்தலை. குயிலின் மேல்தான் பூ முழுக்க.*

அந்தக் கடைசி வாக்கியம் எழுதும்போதுதான் எனக்குத் தோன்றியது. பலமுறை படித்த பாட்டு, அதுவரை கண்ணில் பட்டதில்லை. எழுதச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

5. கேட்பது

பாட்டுக்கு முன்னால் ஒரு நாள் குயிலையே கேளுங்கள். 'கூ...ஊ' என்று ஏறிக்கொண்டே போவது ஆண். கரிய உடல், சிவந்த கண். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அது கத்துவது 'கிக் கிக் கிக்' என்று வேகமாக இருக்கும். பலர் அதை வேறு பறவை என்றே நினைக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் 'மெர்லின்' செயலியில் ஒலியைப் பதிவு செய்து பார்க்கலாம், இலவசம்தான்.

அப்புறம் வசந்தா ராகம். பெயரிலேயே வசந்தம் இருக்கிறது. மாலையில் பாடும் ராகம், ஏழு சுரங்களில் 'ப' என்கிற பஞ்சமம் இதில் கிடையாது. கர்நாடக இசை பழக்கமில்லை என்றால் 'ராஜபார்வை' (1981) படத்தில் இளையராஜா வசந்தாவில் அமைத்த 'அந்தி மழை பொழிகிறது' பாட்டிலிருந்து தொடங்குங்கள். மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை சொற்களுக்காக. இரண்டாவது, எஸ்.பி.பி., ஜானகி இருவரின் குரலுக்காக மட்டும். மூன்றாவது தடவை குரலை விட்டுவிட்டுப் பின்னால் ஓடும் வாத்தியங்களைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பது இந்தக் கணக்கில் சேராது.

6. பார்ப்பது

ஒரே கதை இரண்டு வடிவத்தில் கிடைத்தால் புதியவர்களுக்கு நல்ல பயிற்சி. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979), புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலிலிருந்து பிறந்தது. அதை அப்படியே எடுத்த படமில்லை. தாயை இழந்த குழந்தைகள் என்ற வேரைப் பிடித்துக்கொண்டு தன் வழியில் போகிறது. சனிக்கிழமை பகலில் குறுநாவல், ராத்திரி படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எது நல்லது' என்று எழுத வேண்டாம். யாரும் பேசாத ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, ஒளிப்பதிவாளர் அசோக்குமாரின் கேமரா எங்கே நிற்கிறது, யார் முகத்தைக் காட்டவில்லை என்று மூன்று வரி எழுதுங்கள். படம் முடிந்த அரைமணிக்குள் எழுதிவிடுங்கள்.

7. ஞாயிற்றுக்கிழமை

இப்போது வலது பக்கம். இடது பக்கத்தை ஒருமுறை மெதுவாகப் படித்துவிட்டு, ஒன்றோடு ஒன்று சேர்கிற இரண்டு குறிப்புகளுக்கு அடியில் கோடு போடுங்கள். சேரவில்லையா, சரி, அந்த வாரம் வலது பக்கம் காலியாகவே இருக்கட்டும். வலிந்து ஒட்ட வைக்காதீர்கள்.

என் பக்கத்தில் கோடு விழுந்தது இரண்டு இடத்தில்: புதன்கிழமையின் பூ இல்லாத கூந்தல், சனிக்கிழமையின் தாயில்லாத குழந்தைகள். பக்கத்திலேயே எழுதினேன்:

*ஞாயிறு. இரண்டிலும் ஆள் இல்லாததைச் சொல்லவே இல்லை. கை எங்கே போகிறது என்பதை மட்டும் காட்டுகிறார்கள். அடுத்த வாரம் கைகளைப் பார்க்க வேண்டும்.*

எழுதி முடித்தபோது மணி ஆறு. மரத்தில் பெண் குயில்.