‘டூ த நீட்ஃபுல்’ எழுதும் கையை நிறுத்துவது எப்படி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மயூர் விஹாரில் என் வீட்டுக்கு நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து டெல்லி, நொய்டா பக்கம் வேலைக்கு வந்தவர்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் காபி, அப்புறம் அந்த வாரம் ஆபீசில் அவர்கள் எழுதிய ஆங்கிலக் கடிதங்கள். அவ்வளவுதான் வகுப்பு.

போன மாதம் திருநெல்வேலிப் பையன் ஒருவன் முகம் வாடி வந்தான். “நான் என்ன தப்பா எழுதினேன்னே புரியல ஆன்ட்டி” என்று போனை நீட்டினான். தான் செய்த ஒரு திருத்தத்தைப் பார்க்கச் சொல்லி அமெரிக்காவில் இருக்கும் சக ஊழியருக்கு ஒரே வரி எழுதியிருந்தான்: ‘கைண்ட்லி ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச் பை டுடே ஈவினிங்.’ பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள் என்பது அவன் நினைத்தது. ஆனால் ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இன்னும் திட்டவட்டமாக, செய்த மாற்றத்தை நீக்குவது. மென்பொருளில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற கருவியில் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. அந்த மனிதர் கேட்டதைச் செய்தார். திருத்தத்தை நீக்கிவிட்டு ‘டன்’ என்று பதிலும் போட்டார். பையனின் மூன்று நாள் வேலை அந்த வாரம் வெளியே போகவில்லை.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல் அவன் கைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். 1981-ல் கும்பகோணத்திலிருந்து டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் முடித்துவிட்டு டெல்லிக்கு வந்தேன். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, நாற்பது வருஷம் கழித்து பிரைவேட் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றேன். பிட்மேன் சுருக்கெழுத்தில் ஒரு வசதி உண்டு. அடிக்கடி வரும் சொற்கூட்டங்களைப் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதிவிடலாம். அரசுக் கடிதத்தின் வழக்கமான தொடக்கமான ‘ஐ ஆம் டைரக்டட் டு சே’ ஒரு இழுப்பு. ‘வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்’ இன்னொரு இழுப்பு. நிமிடத்துக்கு நூறு சொல் வேகத்தில் அதிகாரி சொல்லிக்கொண்டே போகும்போது அந்த இழுப்புகள்தான் மூச்சு விட இடம் தரும். அந்த நேரத்தில் கை எழுதும், மனசு எழுதாது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேலையை போன் செய்கிறது. ‘ப்ளீஸ்’ என்று ஆரம்பித்தாலே மீதி வரி சாம்பல் நிறத்தில் வந்து நிற்கிறது. விரல் அதைத் தட்டிவிடுகிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, வரியை அனுப்புமுன் அதனிடம் மூன்று கேள்வி கேட்பது. யார் செய்ய வேண்டும்? என்ன செய்ய வேண்டும்? எப்போதைக்குள்? தமிழிலேயே கேளுங்கள். அடுப்படியில் நிற்கும் அக்காவிடம் சொல்வது போலப் பதில் சொல்லுங்கள். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அட் தி எர்லியஸ்ட்’ என்ற வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘வேண்டியதைச் சீக்கிரம் பண்ணிடுங்க.’ வேண்டியது எது? சீக்கிரம் என்றால் இன்றைக்கா, இந்த மாதத்துக்குள்ளா? பதில் வராது, ஏனென்றால் எழுதியவரே முடிவு பண்ணவில்லை. முடிவு பண்ணும் வேலை படிக்கிறவர் தலையில் விழுகிறது. எனக்கு இந்தச் சொற்கள் மேல் இருக்கும் கோபம் இதனால்தான். பழசாக இருப்பதோ இந்தியத்தனமாக இருப்பதோ எனக்குக் குறையாகவே படவில்லை. ‘டூ த நீட்ஃபுல்’ ஒரு காலத்தில் இங்கிலாந்திலேயே சாதாரணமாகப் புழங்கியது. அங்கே வழக்கொழிந்தது, இங்கே ஃபைலோடு தங்கிவிட்டது.

இந்தக் கோபம் எங்கே பிறந்தது என்று சொல்கிறேன். 2022 டிசம்பர். எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் மாமிக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது. வயது எழுபத்தாறு. பென்ஷன் தரும் இடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘உங்கள் பென்ஷன் நிறுத்தப்படக்கூடும், டூ த நீட்ஃபுல் அட் தி எர்லியஸ்ட் அண்ட் ரிவர்ட், தவறினால் நெசஸரி ஆக்‌ஷன் எடுக்கப்படும்.’ நெசஸரி ஆக்‌ஷன் என்ற இரண்டு சொல்லை மாமி போலீஸ் என்று படித்துவிட்டார். பாஸ்புக், பான் கார்டு நகல், கணவரின் இறப்புச் சான்றிதழ், நான்கு போட்டோ, எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பனிமூட்டத்தில் ஆட்டோ பிடித்துப் போனார். ஒன்றரை மணி நேரம் வரிசை. கவுன்டர் வந்தபோது சம்பந்தப்பட்டவர் லீவு. மறுநாளும் போனார். அன்று சர்வர் இல்லை. மூன்றாம் நாள் காலை என் கதவைத் தட்டி, “இதுல என்னதாண்டி கேட்டிருக்கா?” என்றார்.

அவர்கள் கேட்டது நவம்பரில் தர வேண்டிய உயிர்வாழ்வுச் சான்றிதழ், ஒன்றே ஒன்று. எல்லாரும் லைஃப் சர்டிபிகேட் என்று சொல்வது. 2014 நவம்பரிலிருந்து அதை ஜீவன் பிரமாண் என்ற மத்திய அரசு சேவை மூலம் கைரேகை வைத்து டிஜிட்டலாகத் தரலாம். 2021 கடைசியிலிருந்து போன் கேமராவில் முகம் காட்டினாலே போதும். என் போனில் மாமியை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, கால் மணி நேரத்தில் முடித்தோம். மாமி அழுதார். அந்தக் கடிதம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது: ‘இந்த ஆண்டுக்கான உங்கள் உயிர்வாழ்வுச் சான்றிதழ் எங்களுக்கு இன்னும் வரவில்லை. டிசம்பர் 31-க்குள் நேரில் தரலாம், அல்லது ஜீவன் பிரமாண் மூலம் வீட்டிலிருந்தே அனுப்பலாம். வந்ததும் பென்ஷன் வழக்கம்போலத் தொடரும். வேறு ஆவணம் எதுவும் வேண்டாம்.’ நாலே வரி. கடைசி வரி இருந்திருந்தால் அந்த மஞ்சள் பையே தேவைப்பட்டிருக்காது.

நாற்பது வருஷத்தில் நானும் அப்படிப்பட்ட கடிதங்கள் எத்தனையோ டைப் அடித்திருக்கிறேன். அவை யார் வீட்டுக்குப் போயின என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பிரிட்டனில் அரசு ஊழியர்கள் மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று நிதித்துறையே கேட்டுக்கொண்டு, எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரி 1948-ல் ஒரு கையேடு எழுதினார். அமெரிக்காவில் 2010-ல் இதற்கென்று ஒரு சட்டமே வந்தது. அதனால் நம் ஆங்கிலம் மட்டம் என்று யாரும் குறுகிப்போக வேண்டாம்.

சரி, மாற்றுச் சொற்களுக்கு வருவோம். ‘ரிவர்ட்’ இருக்கும் இடத்தில் ‘ரிப்ளை’. ‘கன்ஃபர்ம் த சேம்’ என்றால் எந்த சேம் என்று பெயரைச் சொல்லிவிடுங்கள். ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட் ஹியர்வித்’ வேண்டாம், ‘ஐ ஹேவ் அட்டாச்ட் த பில்’ போதும். ‘கைண்ட்லி’யை நான் அடியோடு விலக்கவில்லை; ஒரு கடிதத்தில் ஒரு தடவை இருக்கட்டும். ஒவ்வொரு வரியிலும் வந்தால் கெஞ்சுவது போலவோ அதட்டுவது போலவோ ஒலிக்கும். ‘ஈஓடி’ என்று நாள் முடிவைச் சுருக்கி எழுதுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். யாருடைய நாள் முடிவு? நியூயார்க்கைவிட நாம் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம், கோடையில் ஒன்பதரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்கு மாலை ஆறு என்றால் அவர்களுக்கு அப்போதுதான் காலை. மணியையும் ஊரையும் சேர்த்து எழுதினால் தொல்லை தீர்ந்தது.

அடுத்து, தமிழ் நம் வாயில் ஊட்டிவிட்ட ஆங்கிலம். இதைக் கவனிக்கத் தமிழ்க்காரர்களுக்குத்தான் முடியும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ‘ஐ ஹேவ் எ டவுட்.’ நமக்கு ‘ஒரு சந்தேகம்’ என்பது கேள்வி கேட்பதற்கு முன் சொல்லும் பணிவான வார்த்தை. வகுப்பில் கையைத் தூக்கி அதைத்தான் சொன்னோம். வெளிநாட்டுக்காரர் காதில் டவுட் என்றால் நம்பிக்கைக் குறைவு. ‘உங்கள் டிசைனில் எனக்கு டவுட் இருக்கிறது’ என்றால், இது தேறாது என்று சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்வார். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்று சொல்லுங்கள், போதும்.

இதைவிடச் சிக்கல் ‘ஒன்லி’. ‘நேத்தே அனுப்பிட்டேன்’ என்பதில் இருக்கும் அந்த ஏகாரத்தை ஆங்கிலத்தில் கொண்டுவர நாம் ‘ஐ சென்ட் இட் எஸ்டர்டே ஒன்லி’ என்கிறோம். தாமதிக்கவில்லை, முன்னாலேயே முடித்துவிட்டேன் என்பது நம் பொருள். ஆங்கிலக்காரர் அதை ‘ஒன்லி எஸ்டர்டே’ என்று கேட்டால், நேற்றுதான், அதாவது இவ்வளவு நாள் கழித்துத்தான் அனுப்பினேன் என்று ஆகிவிடும். நேர் எதிர்! இந்த ஏகாரத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. ‘ஐ ஆல்ரெடி சென்ட் இட், எஸ்டர்டே.’ போன சனிக்கிழமை இதைப் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். வாய் பழகினால் கை பழகும். ‘நவ் இட்செல்ஃப்’ என்பதிலும் இதே ஏகாரம்தான் ஒளிந்திருக்கிறது. ‘ரைட் நவ்’ என்று மாற்றுங்கள். ‘டுடே ஈவினிங்’ அர்த்தம் கெடாது, ஆனால் ‘திஸ் ஈவினிங்’ என்பது வழக்கம். ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்பதை அமெரிக்கர் கேட்டால் மயங்கி விழுந்ததாக நினைப்பார். ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுங்கள்.

டெல்லிக்காரர்களுக்கு ஒன்று தனியாக. நாடாளுமன்றத்தில் அறிக்கை டேபிள் ஆனது என்று தினமும் பேப்பரில் படிக்கிறோம். முன்வைத்தார்கள் என்று அர்த்தம், பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கருக்கு டேபிள் பண்ணுவது என்றால் ஒத்திப் போடுவது. அவர்களோடு மீட்டிங்கில் இந்தச் சொல்லை எடுக்காமல் இருப்பது நல்லது.

எல்லாவற்றையும் களையெடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ‘ப்ரீபோன்’ என்ற சொல்லுக்கு நான் வக்காலத்து வாங்குவேன். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்ட சொல் அது. புதன்கிழமை மீட்டிங்கை ‘இரண்டு நாள் ஃபார்வர்டு பண்ணியாச்சு’ என்று ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் சொன்னால் சிலர் திங்கள் என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள். ப்ரீபோன் என்றால் திங்கள்தான், இரண்டாவது பேச்சே கிடையாது. எப்போது என்ற கேள்விக்குக் குழப்பமில்லாமல் பதில் சொல்லும் சொல் நல்ல சொல். இந்தியாவுக்குள் தைரியமாக எழுதுங்கள். வெளியே எழுதும்போது புதுத் தேதியையும் சேர்த்துவிடுங்கள். ‘கசின் பிரதர்’ விஷயமும் அப்படித்தான். சித்தப்பா பையன் நமக்கு அண்ணன், தம்பி முறைதானே? கசின் என்ற ஒற்றைச் சொல்லில் அந்த உறவு அடங்குவதில்லை. வீட்டிலும் நண்பர்களிடமும் இருந்துவிட்டுப் போகட்டும். ‘டச் பேஸ்’ (தொடர்பு கொள்வது), ‘பேண்ட்வித்’ (கையில் இருக்கும் நேரம்), ‘சர்க்கிள் பேக்’ (பிறகு திரும்ப வந்து பேசுவது) என்று இப்போது வரும் ஆபீஸ் சொற்களில் எனக்கு ஒரு மயக்கமும் இல்லை. மூன்று கேள்வியில் ஒன்றுக்கும் பதில் சொல்லாதவை. ‘நாளை நாலு மணிக்கு போன் பண்ணுகிறேன்’ என்று எழுதுகிற பிள்ளையின் ஆங்கிலம் அவற்றைவிட எத்தனையோ மேல்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஜிமெயில் செட்டிங்ஸுக்குப் போய், ஜெனரல் பகுதியில் ஸ்மார்ட் கம்போஸை ஒரு மாதத்துக்கு அணைத்து வையுங்கள். அங்கே சாம்பல் வரி வராது; போனில் ஜிமெயில் ஆப்பின் செட்டிங்ஸில் தனியாக அணைக்க வேண்டும். ‘அனுப்பப்பட்ட’ பெட்டியிலிருந்து உங்களுடைய பழைய கடிதம் பத்தை எடுத்து ‘நீட்ஃபுல்’, ‘ரிவர்ட்’, ‘சேம்’, ‘எர்லியஸ்ட்’ எத்தனை என்று பென்சிலால் வட்டமிடுங்கள். பத்தில் மூன்றைத் திருத்தி எழுதுங்கள், போதும். தகவல் உரிமைச் சட்ட மனு போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பத்து ரூபாய் கட்டி, முப்பது நாள் காத்திருந்து, ‘கைண்ட்லி இன்டிமேட் த ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால் ‘அண்டர் பிராசஸ்’ என்றுதான் பதில் வரும். ‘என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்தப் பதவியில் இருப்பவரிடம் போனது, அவர் ஃபைலில் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். பதிலும் அந்த அளவுக்குத் திட்டமாக வர வேண்டியிருக்கும்.

திருநெல்வேலிப் பையன் அதே திருத்தத்தை மறுபடி அனுப்பியபோது அவனே எழுதிய வரியை இந்த வாரம் காட்டினான்: ‘ப்ளீஸ் ரிவ்யூ திஸ் சேஞ்ச் அண்ட் ரிப்ளை பை லெவன் ஏஎம் நியூயார்க் டைம், தர்ஸ்டே.’ பத்து நாற்பதுக்கே பதில் வந்திருந்தது. ‘லுக்ஸ் குட்.’