பெரிய விலங்கு வேட்டைக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது எப்படி?

ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே ".308 நல்லதா, .30-06 நல்லதா, மேக்னமே வாங்கிவிடலாமா?" என்று கேட்பார்கள். இவையெல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்; மேக்னம் என்பது அதிக வெடிமருந்து கொண்ட, வேகமான வகை. கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா; அதிலிருந்து பறந்து போவது குண்டு. இந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் விலங்கு, அடுத்து சுடப்போகும் தூரம், பிறகு குண்டின் கட்டமைப்பு, அதன்பின் உங்கள் தோள் தாங்கும் உதைப்பு. இந்த நான்கும் தெளிவானால் பொருத்தமான தோட்டாக்கள் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அவற்றுள் எதை எடுத்தாலும் தவறில்லை.

முதலில் சட்டம்

உரிமத்துடன் வேட்டையாட அனுமதிக்கும் நாடுகள் பலவற்றில் குறைந்தபட்ச அளவு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் சிவப்பு மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் குண்டின் விட்டம் 6.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது, 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றல் மிச்சமிருக்க வேண்டும். சிறிய ரோ மானுக்கு 1,000 ஜூல் போதும். ஸ்வீடனில் மூஸ் என்னும் மிகப் பெரிய மானைச் சுட, குண்டு 9 கிராம் என்றால் 100 மீட்டரில் 2,700 ஜூல் தேவை. 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2,000 ஜூல். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எருமை, யானை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கு .375 அங்குல விட்டம்தான் அடிமட்டம். ஈயக் குண்டுக்குத் தடை உண்டா என்றும் பாருங்கள்: கலிபோர்னியாவில் 2019 முதலும் டென்மார்க்கில் 2024 முதலும் ஈயக் குண்டுகொண்டு வேட்டையாட முடியாது.

பரவலாகப் புழங்கும் தோட்டாக்கள்

.243 வின்செஸ்டர் 100 கிரெய்ன் (6.5 கிராம்) குண்டை நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. சிறிய, நடுத்தர மான்களுக்கு அருமையான தோட்டா. எல்க் (வட அமெரிக்கப் பெரிய மான்), மூஸ் ஆகியவற்றுக்கு இதை எடுக்காதீர்கள். பெரிய தோள் எலும்பைத் தாண்டி நுரையீரலை எட்டும் எடை அந்தக் குண்டில் இல்லை.

6.5 கிரீட்மூரின் 143 கிரெய்ன் குண்டு நீளமானது, ஒடுக்கமானது. காற்றைக் கிழித்துப் போவதால் வேகம் மெதுவாகவே குறையும். பக்கக் காற்றும் அதிகம் தள்ளாது. மானுக்கும் பன்றிக்கும் தாராளமாகப் போதும். நல்ல குண்டோடு, நிதானமான தூரத்தில் எல்க்குக்கும் போதும். .270 வின்செஸ்டர் 1925இல் வந்தது. 130 கிரெய்ன் குண்டு நொடிக்கு 930 மீட்டர். நூறாண்டு ஆகியும் திறந்த மலைச்சரிவுகளில் இதன் மதிப்பு குறையவில்லை.

.308-உம் .30-06-உம் பற்றித்தான் அதிகம் சண்டை போடுகிறார்கள். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே, 7.82 மி.மீ. அதே 180 கிரெய்ன் குண்டு .308இல் நொடிக்கு 800 மீட்டர், .30-06இல் சுமார் 820 மீட்டர். இந்த 20 மீட்டர் வித்தியாசத்தை எந்த மானும் உணரப்போவதில்லை. உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. .308-இன் கூடு 51 மி.மீ. நீளம்தான், அதனால் ரைஃபிளின் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பகுதி) குட்டையாகவும் துப்பாக்கி சற்று லேசாகவும் அமையும். .30-06-இன் கூடு 63 மி.மீ.; 200, 220 கிரெய்ன் கனத்த குண்டுகளை அது வசதியாக ஏற்கும். மானே பிரதானம் என்றால் .308, மூஸும் பெருங்கரடியும் பட்டியலில் இருந்தால் .30-06 என்பது எங்கள் கணிப்பு.

.300 வின்செஸ்டர் மேக்னம் அதே 180 கிரெய்ன் குண்டை நொடிக்கு 900 மீட்டரில் விடும். 300 மீட்டருக்கு அப்பால் எல்க் சுடுகிற, அதற்கேற்பப் பழகியவருக்கு அது பயன்படும். .375 எச் அண்டு எச் 1912இலிருந்து 300 கிரெய்ன் குண்டோடு எருமை வேட்டைக்குப் போய்வருகிறது. மானுக்கு அது தேவையில்லை.

குண்டில் கவனம் வையுங்கள்

மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம் வைத்த சாதாரணக் குண்டு மானின் விலாவில் பட்டால் சீக்கிரம் விரிந்து நன்றாக வேலை செய்யும். அதையே மேக்னத்தில் போட்டு 40 மீட்டரில் தோள் எலும்பின் மேல் சுட்டால் சிதறிவிடும்; காயம் மேலோட்டமாக நின்று விலங்கு வலியோடு ஓடிப்போகும். வேகமான தோட்டாவுக்கும் பெரிய விலங்குக்கும் ஈயமும் உறையும் பிணைந்த குண்டோ முழுச் செம்புக் குண்டோ எடுங்கள்.

செம்புக் குண்டில் இன்னொரு கணக்கு உண்டு. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். விலங்குக்குள் அது எடையை ஏறக்குறைய இழப்பதேயில்லை. ஆகவே ஒரு படி இறங்கலாம்: 180 கிரெய்ன் ஈயத்துக்குப் பதில் 150 அல்லது 165 கிரெய்ன் செம்பு. ஆனால் வேகம் குறைந்தால் செம்பு விரியாது. ஊசி குத்தியதுபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். பொதுவாகச் செம்புக்கு நொடிக்குச் சுமார் 600 மீட்டர், ஈயத்துக்கு 550 மீட்டர் வேகமாவது படும் இடத்தில் மிஞ்ச வேண்டும். துல்லியமான அளவை அந்தந்தக் குண்டைச் செய்த நிறுவனம் சொல்லும். தயாரிப்பாளரின் அட்டவணையில் எந்தத் தூரத்தில் வேகம் அதற்குக் கீழே போகிறது என்று பார்த்தால் அந்தத் தோட்டாவின் எல்லை தெரிந்துவிடும். அட்டவணை பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் எடுத்தது. உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் நொடிக்குச் சுமார் 30 மீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைப் பற்றிய கவலை பலருக்குத் தேவைக்கு அதிகம். 200 மீட்டரில் குறியைச் சரிசெய்தால், 300 மீட்டரில் .30-06-இன் 180 கிரெய்ன் குண்டு சுமார் 25 செ.மீ. கீழே இறங்கும்; .270-இன் 130 கிரெய்ன் சுமார் 20 செ.மீ. இந்த 5 செ.மீ.க்காகத் தோட்டாவை மாற்ற வேண்டியதில்லை.

உதைப்பு

3.6 கிலோ ரைஃபிளில் 6.5 கிரீட்மூரின் உதைப்பு சுமார் 17 ஜூல், .308 சுமார் 23, .30-06 சுமார் 27, .300 மேக்னம் 35ஐத் தாண்டும். உதைப்புக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் உடம்பு சுருங்குவதுதான் விலங்குகள் காயத்தோடு தப்புவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று. சோதிக்க எளிய வழி: சுடுகளத்தில் நண்பரிடம் ரைஃபிளைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு இடையே வெடிக்காத பயிற்சித் தோட்டாவைக் கலந்து போடச் சொல்லுங்கள். வெறும் 'க்ளிக்' சத்தத்தில் குழல் முனை கீழே குத்தினால் அந்தத் தோட்டா இப்போதைக்கு உங்களுக்கு அதிகம். குழல் முனையில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளையுள்ள துண்டு) பொருத்தினால் உதைப்பு குறையும். சத்தம் கடுமையாகக் கூடும், காதுக் காப்பு இல்லாமல் ஒரு குண்டும் சுடக்கூடாது.

பிறகு சுடுகளத்து மேசையை விட்டு எழுந்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் 20 செ.மீ. அகலத் தட்டில் ஐந்து குண்டு சுடுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். ஐந்தும் விழுகிற கடைசித் தூரமே உங்கள் வேட்டைத் தூரம். மேக்னத்தில் 120 மீட்டரும் .308இல் 200 மீட்டரும் வந்தால், .308ஐ எடுங்கள்.

வாங்கிய பின்

குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். உள்ளே நுழைகிறது என்பதற்காகச் சுடாதீர்கள். 7 மி.மீ.-08 தோட்டா .270 ரைஃபிளில் நுழைந்துவிடலாம். குண்டோ குழலைவிடப் பெரியது, அழுத்தம் எகிறி ரைஃபிள் வெடிக்கலாம். .30-30 போன்ற, தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும் குழாய் மேகசின் ரைஃபிளில் கூர்முனைக் குண்டு போடக்கூடாது. முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரை (அடிபட்டால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) அந்த முனை குத்திவிடும். தட்டை முனையோ, அதற்கென்றே செய்த மென்முனையோதான் போட வேண்டும்.

ஒரே எடையிலேயே இரண்டு மூன்று வகைக் குண்டுகளை ஒவ்வொரு பெட்டி வாங்கி, எது உங்கள் குழலில் நெருக்கமாக விழுகிறது என்று 100 மீட்டரில் பாருங்கள். தேர்ந்ததை ஒரே லாட் எண்ணில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) மொத்தமாக வாங்கி வையுங்கள். லாட் மாறினாலும் குண்டு மாறினாலும் காட்டுக்குப் போகுமுன் குறியைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.