மண் ஒழுங்கையில் பனி தள்ளும் முறை

ஒன்ராறியோவில் ஹியூரன் ஏரிக்குக் கிழக்கே இருப்பவர்களுக்குத் தெரியும்: இங்கே பனி வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, வயலுக்குள்ளாலும் வரும். விழுந்து கிடப்பதைக் காற்று கிளப்பிக்கொண்டு வந்து ஒழுங்கையில் குவித்துவிடும். பெரிய ரோட்டை நகரசபை வண்டி பார்த்துக்கொள்ளும். அதிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் எங்கள் பாடு.

அதனால் நிலம் இறுகமுன்னரே வேலையைத் தொடங்குங்கள். காற்று வரும் பக்கம், பெரும்பாலும் மேற்கில், பழைய மரச் சட்டங்களால் வேலி போடுங்கள். பாதி மறைப்பு, பாதி இடைவெளி. முழுக்க அடைத்தால் அவ்வளவாகப் பனி பிடிக்காது. வேலியின் உயரத்தைப் போல 35 மடங்கு தள்ளி நிறுத்தவேண்டும்: நாலடி வேலிக்கு 140 அடி. கிட்டப் போட்டால் குவியல் ஒழுங்கைக்கு மேலேயே வந்து படுக்கும். வயல் அயலவருடையதா? சோளத்தில் பத்துப் பன்னிரண்டு வரிசையை அறுக்காமல் விடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, தள்ளுவதற்கு வருவோம். ட்ரக்டர் வாளியின் கூர் விளிம்பு சரளைக்கல்லையும் சேர்த்து அள்ளிப் புல்லுக்குள் கொட்டும். ஏப்ரலில் குனிந்து பொறுக்குவது நீங்கள்தான். வாளியின் அகலத்துக்கு ஓர் இரும்புக் குழாய் எடுத்து, நீளவாட்டில் ஒரு பக்கம் மட்டும் கீறி, விளிம்பில் செருகி, இரண்டு முனையிலும் போல்ட் போட்டு இறுக்குங்கள். உருண்டையான அடி கல்லுக்கு மேலால் வழுக்கிக்கொண்டு போகும். இதற்கென்றே செய்ததைக் கடையில் விற்கிறார்கள்தான். கொட்டிலில் துருப்பிடித்துக் கிடக்கும் குழாய் அதே வேலையைச் செய்யும். முதல் பனியைத் தள்ளவே வேண்டாம். சில்லு ஏறி இறுகி உறையட்டும், சரளைக்கு மேல் ஒரு தளம் கிடைக்கும்.

எப்போதும் காற்று போகும் பக்கத்துக்கே தள்ளுங்கள். மேற்கே வரம்பு எழுப்பினால் அதுவே கிட்டப் போட்ட வேலியாகிவிடும். டிசம்பரிலேயே தேவைக்கு மேல் அகலமாகத் தள்ளி வையுங்கள். கரை உறைந்தபின் வாளிக்கு அசையாது, ஒழுங்கை ஒடுங்கிக்கொண்டே வரும்.

மைனஸ் 10க்குக் கீழே உப்பு போடுவது காசுக்குக் கேடு, கிணற்றுக்கும் நல்லதல்ல. மணலோ விறகுச் சாம்பலோ தூவுங்கள். ஆணியடித்த பலகை எரித்த சாம்பல் என்றால் முதலில் அரித்தெடுங்கள், ரயர் பாவம்.

ஒன்று மட்டும்: வாசலில் குவிந்ததை ரோட்டுக்குக் குறுக்கே தள்ளி எதிர்ப்பக்கம் விடாதீர்கள். ரோட்டில் பனி போடுவது ஒன்ராறியோச் சட்டப்படி குற்றம்.