பைத்தான் அசின்க்ஐஓ சர்வருக்கு டிஎல்எஸ் போடுறது எப்படி

அசின்க்ஐஓ (ஒரே நேரத்துல நெறைய கனெக்ஷன கவனிக்கிற பைத்தான் லைப்ரரி) சர்வர்ல டிஎல்எஸ் (கனெக்ஷன என்கிரிப்ட் பண்ற முறை) போட, ஏற்கனவே ஓடுற கோட பெருசா மாத்த வேணாம், டேட்டா படிக்கிற ரீடர், எழுதுற ரைட்டர் எல்லாம் அப்படியே இருக்கும். சர்வர் பக்கம் எஸ்எஸ்எல் மாட்யூல்ல டிஃபால்ட் கான்டெக்ஸ்ட் (டிஎல்எஸ் செட்டிங்ஸ் வச்சிருக்குற ஆப்ஜெக்ட்) ஒன்னு கிளையன்ட் ஆத் பர்ப்பஸோட (சர்வர் பக்கத்துக்கான வகை) உருவாக்கி, அதுல சர்டிபிகேட்டும் பிரைவேட் கீயும் ஏத்தி, ஸ்டார்ட் சர்வருக்கு எஸ்எஸ்எல் ஆர்கியுமென்ட்டா குடுத்துருங்க.

லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசமா சர்டிபிகேட் குடுக்குற அமைப்பு) சர்டிபிகேட்னா ஃபுல்செயின் ஃபைல (உங்க சர்டிபிகேட்டோட இடைநிலை சர்டிபிகேட்டும் சேந்தது) தான் குடுக்கணும், வெறும் செர்ட் ஃபைல குடுத்தா பிரவுசர்ல சில நேரம் ஓடிரும் ஆனா பைத்தான் கிளையன்ட் வெரிஃபை ஃபெயில்னு நின்னுரும், எனக்கு ஒரு ராத்திரி முழுக்க இதுலயே போச்சு.

கிளையன்ட்ல ஓபன் கனெக்ஷனுக்கு எஸ்எஸ்எல் ட்ரூ போதும். செல்ஃப் சைன்டு சர்டிபிகேட் (நீங்களே கையெழுத்து போட்டு உருவாக்குனது) வச்சு டெஸ்ட் பண்றீங்கன்னா அத கிளையன்ட் கான்டெக்ஸ்ட்ல சிஏஃபைலா (நம்பலாம்னு சொல்ற சர்டிபிகேட் ஃபைல்) குடுங்க, தயவுசெஞ்சு செக் ஹோஸ்ட்நேம (சர்டிபிகேட்ல இருக்குற பேரும் சர்வர் பேரும் ஒன்னான்னு பாக்குறது) ஆஃப் பண்ணாதீங்க, நடுவுல எவன் உக்காந்து படிச்சாலும் தெரியாது. கனெக்ஷன் பாதில டிஎல்எஸ்க்கு மாறணும்னா பைத்தான் 3.11ல இருந்து ரைட்டர்லயே ஸ்டார்ட் டிஎல்எஸ் இருக்கு, அவெயிட் போட மறந்துராதீங்க.