சிலம்பம் சுற்றி நன்கொடை திரட்டுவது எப்படி

2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம், தாமிரபரணிக் கரையில் வீடிழந்தவர்களுக்காகப் பாளையங்கோட்டையில் நாள் முழுக்கச் சிலம்பம் சுற்றினோம். கூட்டம் வந்தது, வீடியோ எடுத்தது, போய்விட்டது. உண்டியல் ஓரமாகக் கிடந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேடிக்கை காட்டுவது தப்பில்லை. 2014-ல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்ட சவாலால் அமெரிக்காவில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது. ஊற்றிக்கொண்டவர் அடுத்த ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்தார், 24 மணி நேரம் கெடு வைத்தார். அதுதான் வேலை செய்தது.

சரி, நீங்கள் செய்யும்போது உண்டியலோடு ஆட்களைக் கூட்டத்துக்குள் நடக்க விடுங்கள். 'ஒரு குடும்பத்துக்குப் பாய், போர்வை: 600 ரூபாய்' என்று தட்டியில் பெரிதாக எழுதுங்கள். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் வரிச்சலுகை இல்லை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். மறுவாரம் அதே இடத்தில் கணக்கை ஒட்டுங்கள்.