பந்து கோட்டைத் தாண்டியதா? ரீப்ளேயில் பார்ப்பது எப்படி

கால்பந்து ஆட்டத்தில் ரெஃப்ரியைத் திட்டுவதற்கு முன்னால் கேமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோட்டுக்கு நேராகவோ மேலிருந்தோ எடுத்த படம் இல்லாவிட்டால் எதையும் முடிவு பண்ணாதீர்கள். அப்புறம், பந்து தரையைத் தொடும் இடம் கணக்கில்லை. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் வெளியே, கோட்டுக்கு மேலே பந்தின் விளிம்பு துளி நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆட்டம் தொடரும். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிதோமா காலை நீட்டி உள்ளே தட்டிவிட்ட பந்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தவர்கள் வெளியே போய்விட்டது என்று சத்தியமே பண்ணியிருப்பார்கள், வி.ஏ.ஆர். (வீடியோ வைத்து முடிவைச் சரிபார்க்கும் முறை) பார்த்து, அந்தப் பந்தில் தனாகா அடித்த கோலைக் கொடுத்தார்கள், ஜப்பான் 2-1 என ஜெயித்தது. சரியான முடிவுதான். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்தும் கோல் கொடுக்கவில்லை, அதற்கு ரீப்ளேகூடத் தேவையில்லை.