‘உப்புத் தண்ணீர்’ எல்லாம் ஒன்றல்ல: வீட்டுக் கடின நீரை அளந்து சரிசெய்யும் முறை

சோப்பு நுரைக்காமல் திரிகிறது, குழாய் வாயில் வெள்ளையாகக் காரை கட்டுகிறது, குடித்தால் நாக்கில் கரிக்கிறது. மூன்றையும் ‘உப்புத் தண்ணீர்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். தவறான கருவியை வாங்குவது அங்கேதான் தொடங்குகிறது. கரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் சோடியம் குளோரைடு. அதை ஆர்ஓ (நுண்சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டும் கருவி) எடுக்கும், சாஃப்ட்னர் (தண்ணீரை மென்னீராக்கும் கருவி) எடுக்காது. காரை கட்டுவது கால்சியமும் மக்னீசியமும். இவை கரைந்திருப்பதுதான் தண்ணீரின் கடினத்தன்மை; குறைவாக இருந்தால் மென்னீர். அதற்கு சாஃப்ட்னர் போதும். சில இடங்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

தண்ணீர் எந்தப் பாறை வழியாக வந்தது, எவ்வளவு காலம் அதில் தங்கியது என்பதுதான் கடினத்தன்மையை முடிவு செய்கிறது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையில் பட்டால் அதை அரித்து எடுத்துவருகிறது. இங்கிலாந்தின் தென்கிழக்கில் சுண்ணப் பாறையிலிருந்து இறைக்கும் தண்ணீர் மிகக் கடினம். வடக்கே ஸ்காட்லாந்தின் பெரும்பகுதியில் எளிதில் கரையாத பாறைமேல் தேங்கும் மழைநீர் மென்மையானது. ஆனால் கருங்கல் நிலம் என்றாலே மென்னீர்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வறண்ட பகுதியில் பாறை விரிசல்களில் நெடுங்காலம் தங்கிய ஆழ்துளைக் கிணற்று நீரும் கடினமாகவே இருக்கும். ஒரே தெருவில் ஏரித் தண்ணீர் ஒரு விதம், கிணற்றுத் தண்ணீர் வேறு விதம். ஆகவே பக்கத்து வீட்டு அளவு உங்களுக்கு உதவாது.

டிடிஎஸ் மீட்டரை (கரைந்த பொருள்களின் மொத்த அளவு காட்டும் கருவி) நம்பிக் கடினத்தன்மையைச் சொல்ல முடியாது. கரைந்த எல்லா உப்பையும் சேர்த்தே அது காட்டும். சொட்டு முறைப் பரிசோதனைப் பெட்டி வாங்குங்கள்: குறிப்பிட்ட அளவு தண்ணீரில் நிறங்காட்டியை விட்டால் கடின நீர் செந்நிறமாகும், அது நீலமாக மாறும்வரை பெட்டியிலுள்ள அளவைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சொட்டுகளை எண்ணி, பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். கடைசிச் சொட்டுகளை மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் அளவு கூடிக் காட்டும். லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். இந்த அளவு கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்படுவது. கருவியில் ‘கிரெய்ன்’ என்று இருந்தால் 17.1 ஆலும், ஜெர்மன் டிகிரி என்று இருந்தால் 17.8 ஆலும் பெருக்கினால் மில்லிகிராம் கிடைக்கும்.

இன்னொரு சோதனையும் அவசியம். ஒரு லிட்டரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டி, ஆவியான அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்து மறுபடி அளங்கள். குறைந்த அளவு தற்காலிகக் கடினம். கெட்டிலிலும் கீசரிலும் படிவது இதுதான். மீதியிருப்பது நிரந்தரக் கடினம். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது.

வீடு முழுவதற்கும் என்றால் ரெசின் சாஃப்ட்னர்தான் வழி. ரெசின் என்பது செயற்கைப் பிசின்; அதன் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புநீர் விட்டுப் புதுப்பிக்க வேண்டும். அளவைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே கணக்குப் போடுங்கள். நாள் ஒன்றுக்கு 600 லிட்டர், கடினம் லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றால் நீக்க வேண்டியது 240 கிராம். ஒரு லிட்டர் ரெசின், சுமார் 130 கிராம் உப்பில் புதுப்பித்தால், ஏறத்தாழ 50 கிராம் கடினத்தைத் தாங்கும். 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் தாங்கும். அதாவது ஐந்து நாள். ஐந்தாம் நாள் முடியும்வரை காத்திராமல் நான்காம் நாளே புதுப்பிப்பது நல்லது.

கையால் இயக்கும் வகையில் புதுப்பிக்கும் வரிசை இது:

1. தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் விட்டு அழுக்கை வெளியேற்றுங்கள். ரெசின் மணிகள் வெளியே வந்தால் வேகத்தைக் குறையுங்கள்.
2. 3¼ கிலோ உப்பை 30 லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அரை மணி நேரம் எடுக்கும்படி மெதுவாக உள்ளே விடுங்கள்.
3. அதே மெதுவான வேகத்தில் நல்ல தண்ணீர் விட்டு, பிறகு வேகமாக அலசுங்கள். கரிப்பு நின்றதும் சொட்டுச் சோதனை செய்து பாருங்கள்.

பழுது பெரும்பாலும் இரண்டாம் படியில்தான். உப்புநீர் வேகமாகப் பாய்ந்தால் ரெசினுக்கு மாற்றிக்கொள்ள நேரமில்லை. உப்பு செலவாகும், கடினம் குறையாது. சல்லடை அடைபட்டு உப்புநீர் உள்ளே போகாமலேயே இருப்பதும் உண்டு. தண்ணீரில் இரும்பு இருந்தால் ரெசின் பழுப்பேறித் திறன் இழக்கும், அதனால் இரும்பு வடிகட்டியை சாஃப்ட்னருக்கு முன்னால் பொருத்த வேண்டும். குளோரினும் ரெசினை அரிக்கும்.

நீக்கும் ஒவ்வொரு 100 மில்லிகிராம் கடினத்துக்கும் 46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. மேலே சொன்ன 400க்கு அது லிட்டருக்கு 184 மில்லிகிராம். உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் இருக்கும் வீட்டில் குடிநீர்க் குழாயையும், செடிகளுக்கான குழாயையும் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுங்கள். கடினத்தன்மைக்கென்று உலகச் சுகாதார நிறுவனம் உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. குடிப்பதற்காக மட்டும் மென்னீராக்கத் தேவையில்லை.

துணி துவைப்பது மட்டுமே சிக்கல் என்றால் சலவை சோடா போதும். ஒரு கிராம் கடினத்துக்கு 1.06 கிராம் தூள் சோடா. 50 லிட்டர், 400 அளவு தண்ணீருக்கு 21 கிராம். படிகச் சோடா என்றால் 57 கிராம். சோப்புக்கு முன்னால் போட்டுக் கலக்க வேண்டும். கம்பளி, பட்டு, அலுமினியப் பாத்திரம் இவற்றுக்கு ஆகாது.

குழாயில் காந்தம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டிய பிறகும் சொட்டுச் சோதனை பழைய எண்ணையேதான் காட்டும்.

கெட்டிலில் படிந்ததற்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 25 கிராம் சிட்ரிக் அமிலம், அரை மணி நேரம். கொதிக்கவைக்காதீர்கள்: கால்சியம் சிட்ரேட் சூட்டில் குறைவாகவே கரையும், அதுவே புதிய படிவமாக ஒட்டிக்கொள்ளும். தடித்த படிவத்துக்கு அமிலம் பாதியிலேயே தீர்ந்துவிடும். புதிதாகக் கலந்து மறுபடி ஊற்றுங்கள். பளிங்குக் கல்லில் இது படக் கூடாது. அதே இடத்தில் ப்ளீச்சிங் பவுடரோ ப்ளீச் திரவமோ இருந்தால் முதலில் முழுக்கக் கழுவிவிடுங்கள்; இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும்.